அப்பாவின் கேசட்டில் இருந்த தவில், எம்.பி.3 கோப்பில் எங்கே போனது?

1. வண்டியூர்வாசி (செவ்வாய், இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். எங்கள் ஊர் மேலூருக்குப் பக்கம். 1980களின் பிற்பகுதியில் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோவில் திருவிழாவில் நல்ல மேளம் வந்தாலும், ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்து பதிவு செய்துவிடுவார். அப்படி எட்டு கேசட்டுகள் சேர்ந்தன. எல்லாம் 90 நிமிடக் கேசட்டுகள்.

2004இல் நான்தான் அவற்றை நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், எம்.பி.3 ஆக மாற்றி ஒரே சிடியில் ஏற்றி வாங்கி வந்தேன். பன்னிரண்டு மணி நேர இசை ஒரு தட்டில் அடங்கியதைப் பார்த்து அப்பா கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது கேசட்டுகளைக் கழித்துவிட்டோம். அப்பா 2011இல் தவறிவிட்டார்.

போன மாதம் நல்ல கம்பி ஹெட்போன் ஒன்று வாங்கி, அந்தக் கோப்புகளைக் கேட்டேன். நாகஸ்வரம் ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறது. தவில்தான் தவிலாக இல்லை. ஒவ்வொரு அடிக்கும் சற்று முன்னால் ‘ஸ்’ என்று மணல் சரிவது போல ஒரு சத்தம், அதன் பிறகு மொத்தையாக ஓர் அடி. கூட்டத்தின் இரைச்சல் தண்ணீருக்குள் பேசுவது போலக் குமிழியிடுகிறது. எனக்கு வயது 52. பழுது காதிலா, கோப்பிலா?

2. கோச்சடைக்காரர் (செவ்வாய், இரவு 10.15)

கோப்பில்தான். விநாடிக்கு 128 கிலோபிட் எம்.பி.3 என்றால் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடும். தவிலின் உயிர் அந்த உச்சித் தொனியில்தான் இருக்கிறது. அது போனால் எல்லாம் போயிற்று. வேறு காரணம் தேடவே வேண்டாம்.

3. ஒலிமேசை (செவ்வாய், இரவு 11.05)

வண்டியூர்வாசி அண்ணே, இரண்டு கேள்விகள். கோப்பின் விவரத்தில் பிட் வீதம் எவ்வளவு என்றும், ஸ்டீரியோவா மோனோவா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். ஹெட்போனைப் போனில் நேரடியாகச் செருகிக் கேட்டீர்களா?

4. வண்டியூர்வாசி (புதன், காலை 6.20)

128 கிலோபிட், ஸ்டீரியோ என்று காட்டுகிறது தம்பி. நேரடியாகச் செருகித்தான் கேட்டேன். ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டால் இன்னும் மோசம்.

5. ஒலிமேசை (புதன், இரவு 8.30)

ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினான்கு வருடங்களாக வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோச்சடைக்காரர் சொல்லும் 16,000 ஹெர்ட்ஸ் வெட்டு உண்மைதான். அந்த வீதத்தில் பெரும்பாலான மாற்றிகள் அதை ஒட்டித்தான் வெட்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் அது குற்றவாளி அல்ல. சாதாரண கேசட்டும் மடியில் வைத்த ரிக்கார்டரும் சேர்ந்து அந்த உயரத்தை முதலில் எட்டியிருக்கவே மாட்டா. ஐம்பதைக் கடந்த காதுகளில் பெரும்பாலானவைக்கு அந்தத் தொனி கேட்காது. இல்லாததை வெட்டுவதால் இழப்பில்லை.

இழப்பு வேறு இடத்தில் நடந்திருக்கிறது. சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள். மொத்தம் விநாடிக்கு 1,411 கிலோபிட். அதை 128க்குள் அடக்க வேண்டுமானால் பதினொன்றில் பத்துப் பங்கைக் கைவிட வேண்டும். எதைக் கைவிடுவது என்பதற்கு எம்.பி.3 நம் காதின் பலவீனத்தை நம்பியிருக்கிறது. பலமான ஒரு தொனி ஒலிக்கும்போது, அதற்குப் பக்கத்தில் உள்ள மெல்லிய தொனி நமக்குக் கேட்காது. பலத்த அடி ஒன்று விழுந்த பிறகு, சிறிது நேரத்துக்கு மெல்லிய ஒலிகள் கேட்காது. இதை மறைப்பு என்போம். மறைந்து கிடப்பதைக் கரடுமுரடாக எழுதினால் போதும் என்பதுதான் அந்த முறையின் அடிப்படை. ஜெர்மனியின் எர்லாங்கனில் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய முறை இது. கோப்புப் பெயரின் வாலாக எம்.பி.3 என்பதை அவர்கள் தேர்ந்தெடுத்தது 1995இல்.

இப்போது தவிலுக்கு வருவோம். எம்.பி.3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித்தான் கணக்குப் போடும். ஒரு சட்டகத்தில் 1,152 மாதிரிகள். அதாவது விநாடியில் ஆயிரத்தில் 26 பங்கு. துண்டுக்குள் செய்யும் பிழை துண்டு முழுவதும் பரவிவிடும். நாகஸ்வரத்தில் ஒரு ஸ்வரம் நீண்டு நிற்கும்போது, பிழை அந்த ஸ்வரத்தின் அடியிலேயே மறைந்துவிடும். தவிலில், முந்தைய கணம் வரை அமைதி, அடுத்த கணம் கூடு போட்ட விரல் வலந்தலையில், அதாவது தவிலின் வலப்பக்கத் தோலில், விழுகிறது. அந்த அடியின் பிழை, அடிக்கு முன்பிருந்த அமைதியிலும் போய்ப் படிகிறது. அடிக்குப் பின்னால் வருவதைக் காது நன்றாக மறைக்கும். முன்னால் வருவதை மிகக் கொஞ்ச நேரத்துக்குத்தான் மறைக்கும். அண்ணன் ‘மணல் சரிவது போல’ என்று எழுதினாரே, அது இதுதான். எங்கள் தொழிலில் இதை முன்னெதிரொலி என்று சொல்வோம். ஸ்பெயின் நாட்டின் காஸ்டனெட்ஸ் என்ற கைத்தாளத்தை வைத்துத்தான் மாற்றிகளின் இந்தக் குறையைச் சோதிப்பார்கள். அதன் இடத்தில் ஒரு தவிலை வைத்திருந்தால் இன்னும் கடுமையான சோதனையாக இருந்திருக்கும்.

நல்ல மாற்றி அடி வருவதை முன்கூட்டியே உணர்ந்து, துண்டின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குக் கூடுதல் பிட்டுகள் வேண்டும். உங்கள் கோப்பில் பிட்டுகள் எங்கே? கேசட்டின் ‘உஸ்’ இரைச்சலும் கூட்டத்தின் ஆரவாரமும் ஒழுங்கில்லாத ஒலிகள். ஒழுங்கில்லாததைச் சுருக்குவதுதான் மிகக் கடினம். பாதிப் பிட்டுகளை அவையே தின்றிருக்கும். மேலும் அப்பா பதிந்தது ஒற்றைத் தடம். கடைக்காரர் அதை இரண்டு தடமாக ஏற்றியிருக்கிறார். பழைய மாற்றியாக இருந்தால், ஒரே ஒலியை இரண்டு முறை எழுதுவதற்காக அந்த 128ஐயும் இரண்டாகப் பங்கு போட்டிருக்கும்.

ப்ளூடூத்தில் இன்னும் மோசமாக இருப்பதற்குக் காரணம் எளிது. போன் அந்த எம்.பி.3 கோப்பை விரித்து, ப்ளூடூத்துக்கென்று உள்ள வேறொரு முறையில் மறுபடியும் சுருக்கி அனுப்புகிறது. எஸ்.பி.சி. என்ற அடிப்படை முறையில் வழக்கமான உச்சம் விநாடிக்கு 328 கிலோபிட். நல்ல கோப்புக்கு அது பெரிய சேதமில்லை. ஏற்கெனவே அடிபட்ட கோப்புக்கு அது இரண்டாவது அடி.

6. கோச்சடைக்காரர் (புதன், இரவு 9.10)

ஒப்புக்கொள்கிறேன். நான் எண்ணை மட்டும் பார்த்தேன். நன்றி.

7. கருமாத்தூர் இளையவன் (புதன், இரவு 10.45)

எல்லாரும் எம்.பி.3ஐக் கூண்டில் ஏற்றுவதால் ஒன்று சொல்கிறேன்.

2010இல் நான் பிளஸ் டூ. என்னிடம் ஒரு பட்டன் போனும் 2 ஜி.பி. மெமரி கார்டும் இருந்தன. உசிலம்பட்டி பஸ் நிலையம் அருகே கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடை இருந்தது. இருபது ரூபாய் கொடுத்தால் கார்டு நிறையும். நானூறு பாட்டு. அவற்றில் பாதி, நான் பிறப்பதற்கு முன்னால் வந்தவை. எங்கள் வீட்டில் ரேடியோ தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. அந்தக் கார்டு மூலமாகத்தான் எனக்கு இசை அறிமுகமானது. இரவு மோட்டார் போட்டுவிட்டு, வயலுக்குத் தண்ணீர் பாயும் வரை வரப்பில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு பாட்டில் வரும் புல்லாங்குழலுக்காக அதே இடத்தை முப்பது தடவை திருப்பிப் போட்டிருக்கிறேன். அந்த இன்பம் குறைந்த தரமானது என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன். சுருக்கம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த நானூறும் என் கைக்கு வந்தே இருக்காது.

8. சிம்மக்கல் பெரியவர் (வியாழன், காலை 5.50)

தம்பி கருமாத்தூரார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. நம் மதுரையில் பிறந்த எம்.எஸ். அம்மாள் 1926இல், சிறுமியாக, முதல் தட்டுக்குப் பாடினார். அந்தக் காலத்துத் தட்டுகளை இன்றும் வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் விரிய வேண்டிய ராகத்தை மூன்று நிமிடத்தில் பிழிந்து கொடுத்திருப்பார்கள். தட்டின் கரகரப்புக்கு நடுவே குரல் வரும். ஆனாலும் கேட்கும்போது ஒரு நிறைவு இருக்கும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அங்கே முடிவு செய்தவர் பாடகர். ராகத்தின் எந்தப் பிடியை வைத்தால் முகம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இயந்திரத்துக்குக் காதின் கணக்குத் தெரியும், தோடியின் கணக்குத் தெரியாது.

மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பை நேரில் கேட்ட காது இது. நாகஸ்வரத்தில் சீவாளி என்ற ஊதுநாணல் வழியாகக் காற்று சீறும் ஒரு ஓசை உண்டு. ஸ்வரம் பிறப்பதற்கு ஒரு நொடிக்கு முன்பு அது வரும். நல்ல பதிவில் அதைக் கேட்கலாம். என் பேரன் போனில் போட்டுக் காட்டிய பல பதிவுகளில் அது கேட்கவில்லை. ஸ்வரம் திடீரென்று எங்கிருந்தோ முளைக்கிறது. மூச்சு தெரியாத நாகஸ்வரத்தை என்னால் நீண்ட நேரம் கேட்க முடிவதில்லை.

9. திருநகர் டீச்சர் (வியாழன், மாலை 5.15)

பெரியவர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சோதனை செய்தே தீர்வது என்று உட்கார்ந்தேன். என்னிடம் ஒரு நாகஸ்வரக் கச்சேரியின் அசல் சிடி இருக்கிறது. அதிலிருந்து ஒரு நிமிடப் பகுதியை எடுத்து, ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, ஒன்றை 320 கிலோபிட் எம்.பி.3 ஆகவும், இன்னொன்றை 128 ஆகவும் மாற்றினேன். மகள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, நாணயம் சுண்டி, தன் விருப்பப்படி அல்லாமல் நாணயத்தின் விருப்பப்படி போட்டாள். எது எது என்று எனக்குத் தெரியாது. ஒலி அளவை மூன்றுக்கும் ஒன்றாக வைத்தோம். அது முக்கியம், ஏனென்றால் சற்று உரக்க ஒலிப்பது எதுவாக இருந்தாலும் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும்.

சிடியா 320ஆ என்று பத்து முறை கேட்டதில் ஐந்து சரி. நாணயத்தை மட்டும் நம்பியிருந்தாலும் அதே ஐந்து வந்திருக்கும். சிடியா 128ஆ என்பதில் எட்டு சரி. அந்த எட்டிலும் எனக்குக் காட்டிக்கொடுத்தது நாகஸ்வரம் அல்ல, தாளம். தாளம் போடும் ஜால்ரா ஒலித்து அடங்கும்போது அதன் ரீங்காரம் சிடியில் நூல் போல மெலிந்து போகிறது. 128இல் கிழிந்த துணி போலப் பிசிறடிக்கிறது.

பிறகு மின்விசிறியைப் போட்டுவிட்டு மறுபடி முயன்றோம். சித்திரை மாதத்தில் மதுரையில் மின்விசிறி இல்லாமல் யார் பாட்டுக் கேட்கிறார்கள்? அப்போது 128ஐயும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பத்தில் ஐந்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் ஒரு ராகத்தையும் அனுபவிக்கவில்லை. பிசிறைத் தேடிக்கொண்டிருந்த காதுக்கு இசை கேட்கவில்லை. சோதனை முடிந்த பிறகு, மகள் 320ஐ முழுவதும் ஓடவிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன், கண் நிறைந்துவிட்டது.

10. மேலூர் மைக்செட் (வியாழன், இரவு 11.30)

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போடுவது எங்கள் குடும்பத் தொழில். கூம்பு ஒலிபெருக்கியில் அடித்தொனியும் வராது, உச்சித்தொனியும் வராது. அதில் 128ஐப் போட்டாலும் சிடியைப் போட்டாலும் ஒன்றுதான். ஆனால் எனக்கு நீண்ட நாளாக மனத்தை அரிக்கும் விஷயம் வேறு.

பழைய பாட்டுகளின் புதுப் பதிப்புகள் வருகின்றனவே, அவற்றைப் பெரிய பெட்டிகளில் போட்டால் பத்து நிமிடத்தில் காது வலிக்கிறது. அதே பாட்டின் பழைய தட்டைப் போட்டால் ஒரு மணி நேரம் கேட்கலாம். இது கோப்பைச் சிறிதாக்குகிற சுருக்கத்தால் வருவது அல்ல. மெல்லியதை உயர்த்தி, பலமானதை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்களே, அந்த அமுக்கத்தால் வருவது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘கம்ப்ரெஷன்’ என்று ஒரே பெயர் இருப்பதால் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள். டிஜிட்டலில் ஒலிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. அதற்குள்ளேயே மற்றவர் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டுமென்றால், மேடுகளை வெட்டிப் பள்ளங்களை நிரப்பத்தான் வேண்டும். தவில் அடி என்பதே ஒரு மேடுதான். அதை வெட்டிவிட்டால் ஆலாபனைக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் ஒரே பலம். அந்தப் பதிப்பை எத்தனை பெரிய கோப்பாக வாங்கினாலும் வெட்டிய மேடு திரும்பி வராது. தரவிழப்பே இல்லாத ஃபிளாக் கோப்பிலும் அது அப்படியேதான் இருக்கும்.

எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ‘இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு’ என்று கல்யாண வீட்டார் கேட்கும்போது நாங்களும் அமுக்கியை முறுக்கிவிட்டுப் போகிறோம். அது தவறு.

11. ஒலிமேசை (வெள்ளி, காலை 7.00)

மேலூர் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒரு சொல் இல்லை. என் வேலையில் பாதி, அந்த அமுக்கத்தைக் குறைக்கச் சொல்லி வாதாடுவதுதான். இப்போது இணையத்தில் பாட்டுத் தரும் பெரிய செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே ஒலி மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. அதனால் உரக்கக் கத்துவதில் இனி லாபமில்லை. ஆனாலும் பழக்கம் போகவில்லை.

12. வண்டியூர்வாசி (சனி, இரவு 8.50)

உங்கள் எல்லாருக்கும் ஒரு செய்தி. நேற்று உசிலம்பட்டியில் பெரியப்பா மகனுடன் பேசிக்கொண்டிருந்தபோது தற்செயலாக இதைச் சொன்னேன். ‘மூன்றாம் நம்பர் கேசட்டைச் சித்தப்பாவிடம் வாங்கி நான் ஒரு படி எடுத்தேனே’ என்றார். பரணிலிருந்து எடுத்தும் வைத்துவிட்டார். மேலட்டையில் அப்பாவின் கையெழுத்தில் ‘மல்லாரி, பிறகு தோடி’ என்று இருக்கிறது. மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. டவுன் ஹால் ரோட்டில் பழைய டேப் டெக் ஒன்று வாங்கினேன். இனி என்ன செய்ய வேண்டும் தம்பி? மறுபடியும் அவசரப்பட்டு எதையும் கெடுத்துவிடக் கூடாது.

13. ஒலிமேசை (சனி, இரவு 10.20)

அண்ணே, உடனே ஓட்டிவிடாதீர்கள். முதலில் கேசட்டின் வாயில், நாடாவுக்குப் பின்னால், சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அது விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் நாடா ஹெட்டில் சரியாகப் படியாது. டெக்கின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். கேசட்டை ஒரு முறை கடைசி வரை முன்னால் ஓட்டி, பிறகு பின்னால் சுற்றுங்கள். பல வருடங்கள் அசையாமல் கிடந்த நாடா ஒட்டியிருக்கும்.

அடுத்தது மிக முக்கியம். ஹெட்டின் ஓரத்தில் ஒரு குட்டித் திருகாணி இருக்கும். பதிந்த ரிக்கார்டரின் ஹெட் இருந்த சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒன்றாக இருக்காது. கேசட்டை ஓடவிட்டு, தாளம் ஒலிக்கும் இடத்தில் அந்தத் திருகாணியை மயிரிழை அளவு திருப்புங்கள். ஓர் இடத்தில் தாளம் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலான கடைகளில் இதைச் செய்வதே இல்லை. பாதி உயிர் இங்கேயே போய்விடுகிறது.

கணினியில் 24 பிட், 48,000 மாதிரிகள் வீதத்தில், சுருக்காமல் பதியுங்கள். ஒரு பக்கம் 45 நிமிடத்துக்கு ஏறத்தாழ 780 மெகாபைட் ஆகும். பிறகு ஒற்றைத் தடமாக்கி ஃபிளாக்கில் சேமியுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியைத் தொடாதீர்கள். ஃபிளாக் சுருக்கத்தில் ஒரு பிட்டும் தொலையாது; விரித்தால் பதிந்தது அப்படியே திரும்பி வரும். கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

14. வண்டியூர்வாசி (அடுத்த ஞாயிறு, இரவு 9.30)

முதல் பக்கம் முடிந்தது. திருகாணியைத் திருப்பத் திருப்ப, பூட்டிய அறையின் கதவைத் திறந்தது போல இருந்தது. தவில் வந்துவிட்டது. வலந்தலையில் விரல்கள் விழுவது தனியாக, இடப்பக்கத் தொப்பியில் கழி விழுவது தனியாகக் கேட்கிறது. அடிக்கு முன்னால் அமைதி அமைதியாகவே இருக்கிறது. இது படியின் படி, இரைச்சல் நிறைய இருக்கிறது. ஆனால் இரைச்சல் குமிழியிடவில்லை. மழை போலச் சீராகப் பெய்கிறது. இரண்டு நிமிடத்தில் காது அதை மறந்துவிடுகிறது.

மல்லாரி முடிகிற இடத்தில் ‘சபாஷ்’ என்று ஒரு குரல். பழைய கோப்பிலும் அதே இடத்தில் ஏதோ ஒரு சத்தம் உண்டு. இருபது வருடங்களாக யாரோ இருமுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது அப்பா.

டீச்சர் செய்தது போல நானும் சோதித்தேன். புதிய பதிவை இன்றைய மாற்றியில் ஒற்றைத் தடமாக 192 கிலோபிட் எம்.பி.3 ஆக்கி, பையனை விட்டுப் போடச் சொன்னேன். என்னால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. கருமாத்தூர் தம்பி, உங்கள் மெமரி கார்டின் மீது இனி எனக்கு வருத்தமில்லை. போனில் அந்த எம்.பி.3தான் வைத்திருக்கிறேன். என் வருத்தமெல்லாம், கடைசிப் படியை மட்டும் வைத்துக்கொண்டு முதல் படியைத் தூக்கி எறிந்தேனே, அதன் மேல்தான்.

அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். ‘சபாஷ்’ வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இன்று காலை அவரே வந்து ‘அதைப் போடு’ என்றார்.

மீதி ஏழு கேசட்டுகள் இல்லை. 1986 முதல் 1991 வரை மேலூர், கொட்டாம்பட்டி, திருவாதவூர்ப் பக்கத் திருவிழாக்களில் நாகஸ்வரக் கச்சேரிகளைக் கேசட்டில் பதிந்தவர்களோ, பதிந்தவரிடம் படி எடுத்தவர்களோ இந்த இழையைப் படித்தால், தயவுசெய்து இங்கே எழுதுங்கள். டெக்கைத் தூக்கிக்கொண்டு நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கேசட் உங்கள் கையை விட்டுப் போகாது.